ஐந்தாவது குறிப்பு

புது தில்லி
9 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பத்ரியின் நமஸ்காரம். தில்லி வெயிலில் வறுபட்டாலும் நான், பத்மஜா, ஆதர்ஷ் மூவரும் நலமாகவே இருக்கிறோம். உன் ரத்த அழுத்தமும் அத்திம்பேரின் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா? போலாரத்தில் மழை ஆரம்பித்துவிட்டது என்று பத்மஜா சொன்னாள். பொறாமையாக இருக்கிறது.

போனில் பேசினால் உனக்குப் பாதிதான் கேட்கிறது. மெயில் எழுதலாம் என்றால் எங்கள் ஆபீஸ் மெயிலை நாலு பேர் பார்ப்பார்கள். அதனால்தான் பழையபடி காகிதமும் பேனாவும்.

கம்பெனியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மார்ச்சில் இந்த ஹைட்ரஜன் கூட்டமைப்பில் சேர்ந்தேன் அல்லவா? ஹைட்ரஜன் தயாரிக்கிற, இனிமேல் தயாரிக்கப்போகிற நாற்பத்திரண்டு கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் சங்கம் இது. அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்தால் கம்பெனிகளின் தரப்பை எடுத்துச் சொல்வது என் வேலை. ஆறு மாதம் தற்காலிகம். ஆகஸ்ட் கடைசியில் நிரந்தரமாக்குவார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்று தெரிந்துவிடும். ஐம்பத்துநாலு வயதில் இன்னொரு தடவை வேலை தேட எனக்குத் தெம்பில்லை, அக்கா. ஆதர்ஷ் இப்போதுதான் காலேஜில் இரண்டாம் வருஷம்.

இப்போது விஷயம். மின்சாரத்தை வைத்துத் தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜன் கிடைக்கும். அந்த மின்சாரம் சூரியனிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்தால்தான் 'பசுமை' என்ற முத்திரை கிடைக்கும். அமைச்சகம் வெளியிட்டிருக்கும் வரைவு விதி, ஆலை ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அந்தந்த மணியில் உண்டான சூரிய, காற்று மின்சாரத்தைக் காட்டச் சொல்கிறது. எங்கள் உறுப்பினர்கள், வருஷ முடிவில் மொத்தமாகக் காட்டுகிறோம் என்கிறார்கள். ஜூலை 31 வரை யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம்.

கம்பெனிகள் மட்டும் எழுதினால், கம்பெனிக்காரன் வேறு எப்படிப் பேசுவான் என்று தள்ளிவிடுவார்கள். அதனால் மக்கள் அமைப்புகளும் எழுத வேண்டும் என்று எங்கள் தலைமை விரும்புகிறது. எங்கள் உறுப்பினர் ஒருவர் பட்டான்செரு பக்கம் ஆலை வைக்கப்போகிறார். ஆகவே ஹைதராபாத் என் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது. உன் போலாரம் ஓய்வூதியர் நலச் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் போகுமா? மாதிரிக் கடிதமும், எப்படி அனுப்புவது என்ற குறிப்புத் தாளும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

அத்திம்பேருக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லவும்.

உன் தம்பி,
பத்ரி


போலாரம்
18 ஜூன் 2025

அன்புள்ள பத்ரிக்கு,

அக்கா கல்பகம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. பகவான் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சௌக்கியம். அத்திம்பேரின் முழங்கால் மழை வந்தால் வலிக்கிறது, வராவிட்டாலும் வலிக்கிறது. பத்மஜாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். ஆதர்ஷ் ஹிந்தியிலாவது எனக்கு இரண்டு வரி எழுதலாம்.

மாதிரிக் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். முதல் பத்தியில், பருவநிலையைக் காக்க அரசு எடுக்கும் முயற்சியை 'முழு மனதுடன் ஆதரிக்கிறோம்'. இரண்டாம் பத்தியில் இந்த விதியை 'வரவேற்கிறோம்'. மூன்றாம் பத்தியில் அதே விதியை ஐந்து வருஷம் தள்ளிப்போடச் சொல்கிறோம். முப்பத்துமூன்று வருஷம் ஸ்டெனோவாகவும் சூப்பரின்டெண்டாகவும் குப்பை கொட்டியவள் நான். எத்தனையோ அதிகாரிகளின் சாமர்த்தியத்தைச் சுருக்கெழுத்தில் எடுத்திருக்கிறேன். வாருங்கள் வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டுக் கதவைத் திறக்காத கடிதத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

எனக்குப் புரிந்த வரையில் கேட்கிறேன், தப்பாக இருந்தால் திருத்து. ஆபீஸில் ஹாஜர் பட்டியல் என்று ஒன்று இருக்கும். தினமும் வந்ததும் கையெழுத்துப் போட வேண்டும். டிசம்பர் 31 அன்று வந்து, இந்த வருஷம் மொத்தம் இருநூற்றைம்பது நாள் வந்தேன், நம்புங்கள் என்று ஒருவன் எழுதிக் கொடுத்தால் நான் வாங்கிக்கொள்வேனா? நீங்கள் கேட்பது அதுதானே? பகலில் சூரியன் இருக்கிறது. ராத்திரி ஆலை ஓடுமா, ஓடாதா? ஓடினால் எந்த மின்சாரத்தில் ஓடும்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடு, போதும்.

எங்கள் கூட்டம் ஜூலை முதல் ஞாயிறு. அதற்குள் எழுது. நிரந்தரமாகிவிடும், கவலைப்படாதே.

இப்படிக்கு,
உன் அக்கா கல்பகம்


புது தில்லி
27 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். எல்லோரும் நலம். ஆதர்ஷிடம் சொன்னேன், 'கர்தூங்கா', செய்துவிடுகிறேன் என்றான். செய்ய மாட்டான்.

நீ ஹாஜர் பட்டியலைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்துச் சிரித்தேன். நாங்கள் எதையும் எதிர்ப்பதே இல்லை, அக்கா. அந்த வார்த்தையை எங்கள் ஆபீஸில் யாரும் உச்சரிக்க மாட்டார்கள். ஆதரிக்கிறோம், கூடவே அவகாசம் கேட்கிறோம். வரவேற்கிறோம், கூடவே நெகிழ்வு கேட்கிறோம். எல்லாத் தொழில் சங்கங்களும் இப்படித்தான் எழுதும். அமைச்சகமும் அப்படித்தான் படிக்கும். ஒவ்வொரு மணிக்கும் கணக்கு என்றால் ஆலை வைக்கவே யாரும் முன்வர மாட்டார்கள் என்பது உறுப்பினர்களின் பயம். அந்தப் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை. தொடக்கத்திலேயே கழுத்தைப் பிடித்தால் குழந்தை நடக்காது என்று எங்கள் பொதுச்செயலாளர் சொல்வார்.

இதுவரை ஹைதராபாத்திலிருந்து ஒரு கடிதமும் போகவில்லை. திங்கட்கிழமைதோறும் கூட்டத்தில் என் பெயருக்கு எதிரே பூஜ்யம் இருக்கிறது. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர் அதைப் பெரிய திரையில் போட்டுக் காட்டுகிறார்.

உன் சங்கத்தை நம்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
பத்ரி


போலாரம்
8 ஜூலை 2025

அன்புள்ள பத்ரிக்கு,

ஆசீர்வாதம். அத்திம்பேரும் நானும் சுகம். நீ இளைத்திருப்பாய் என்று தோன்றுகிறது, பார்க்காமலே தெரிகிறது.

என் கேள்விக்கு உன் கடிதத்தில் பதில் தேடினேன். குழந்தை நடந்தது, கழுத்து இருந்தது, பதிலைக் காணோம். போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. மாதிரிக் கடிதத்தை உரக்கப் படித்தேன். தலைவர் சாம்பசிவம் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் இருபது வருஷம் ஹைட்ரஜன் சிலிண்டரோடு குடித்தனம் நடத்தியவர். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அம்மா, ராத்திரி ஆலை எதுல ஓடும்? நிலக்கரி கரண்ட்லதானே? அப்புறம் எப்படி அது பசுமை?" என்றார். நான் உன்னைக் கேட்டதையே அவர் என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை என்று சொன்னேன்.

ஆக்னஸ் டீச்சர் குறுக்கிட்டார். "காய்கு, எதுக்கு இவ்வளவு கொஸ்டின் சார்? தம்பி வேலை நிக்கணும், நாம கையெழுத்துப் போடணும். ஹவ், சரின்னு சொல்லுங்க, டீ ஆறுது."

ரயில்வே ஒர்க்‌ஷாப் பெருமாளின் சம்சாரம் கமலம், பாவம், மல்லாபூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். "எனக்கு ஒண்ணும் வெளங்கல கல்பகம்மா. உங்க தம்பி எனக்கும் தம்பிதான். எங்க போடணும்னு சொல்லுங்க" என்றாள்.

பதினொரு பேர் ஆதரவு, எதிர்ப்பு யாருமில்லை என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். எத்தனை பேருக்குப் புரிந்தது என்று எழுத அதில் இடம் கிடையாது.

இன்று காலை ரிஜிஸ்டர் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பிவிட்டேன். நகல் உனக்கு வைத்திருக்கிறேன். முறைப்படி செய்திருக்கிறேன், பார். மேலே 'பார்வை: 1. ஹைட்ரஜன் கூட்டமைப்பின் ஆலோசகர் திரு. பத்ரி அவர்களின் கடிதம், நாள் 9.6.2025. 2. சங்கக் கூட்டக் குறிப்பு, நாள் 6.7.2025' என்று போட்டு, கீழே 'இணைப்பு: மேற்கண்டவற்றின் நகல்கள், மாதிரிக் கடிதம், குறிப்புத் தாள்' என்று வரிசையாகக் கொடுத்திருக்கிறேன். உன் கடிதத்தில் வீட்டு விஷயம் இருந்த பத்திகளின்மேல் வெள்ளைத்தாள் வைத்து மறைத்துத்தான் ஜெராக்ஸ் எடுத்தேன். என் ரத்த அழுத்தம் அமைச்சகத்துக்கு எதற்கு?

இனி உன் பெயருக்கு எதிரே பூஜ்யம் இருக்காது.

இப்படிக்கு,
அக்கா கல்பகம்


போலாரம்
5 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பத்ரிக்கு,

ஆசீர்வாதம். நாங்கள் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமா என்று வழக்கமாக எழுதும் கேள்வியை இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

நாலு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஒப்புகை அட்டை அமைச்சக முத்திரையோடு திரும்பி வந்துவிட்டது. பத்மஜாவுக்குப் போன் போட்டேன். "அவருக்கு வேலை ஜாஸ்தி அக்கா" என்றது மட்டும் காதில் விழுந்தது. அப்புறம் ஆதர்ஷ் வாங்கி, அப்பா டென்ஷனில் இருக்கிறார் என்று ஹிந்தியில் சொன்னான். எதற்கு டென்ஷன் என்றேன். "ஆப்கீ சிட்டி, புவா" என்றான். என் கடிதமாம். மேலே கேட்பதற்குள் போன் கட்.

என் கடிதத்தில் என்ன? முகவரி சரி, நாள் சரி, கையெழுத்து சரி. ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு வரி எழுது.

இப்படிக்கு,
அக்கா


புது தில்லி
19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும்.

நடந்ததைச் சொல்கிறேன். ஜூலை 24 அன்று அமைச்சகத்தில் சம்பந்தப்பட்ட எல்லோரையும் கூப்பிட்டுக் கலந்தாலோசனைக் கூட்டம் போட்டார்கள். எங்கள் பொதுச்செயலாளர், நாடு முழுவதும் அறுபது மக்கள் அமைப்புகள் தாங்களாகவே முன்வந்து இதே கருத்தை எழுதியிருக்கின்றன என்றார். மேஜையின் நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி அம்மா ஒரு கடிதத்தை எடுத்து, "இதில் பார்வை ஒன்று என்று போட்டிருக்கிறதே, அந்த பத்ரி இங்கே இருக்கிறாரா?" என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். மாதிரிக் கடிதத்தையும் மற்ற அமைப்புகளின் கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முதல் பத்தியைத் தவிர எல்லாம் ஒன்று. அறுபதையும் சேர்த்து ஒரே கருத்தாகப் பதிவு செய்துகொள்கிறோம் என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

பொதுச்செயலாளர் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். கொடுத்துவிட்டேன். உன் பேரில் தப்பு ஒன்றும் இல்லை. நான் கோபமாகவும் இல்லை.

அத்திம்பேருக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறாயா?

உன் தம்பி,
பத்ரி


போலாரம்
26 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பத்ரிக்கு,

ஆசீர்வாதம் சொல்லக்கூடத் தயக்கமாக இருக்கிறது. நாங்கள் இருக்கிறோம்.

உன் கடிதத்தை அத்திம்பேருக்கும் படித்துக் காட்டினேன். எனக்கு இரண்டு நாளாகச் சாதம் இறங்கவில்லை. என் கையாலேயே உன் வேலைக்கு உலை வைத்துவிட்டேனே. பார்வை இல்லாமல் கடிதம் அனுப்ப எனக்குத் தெரியாது, பத்ரி. எந்தக் காகிதம் வந்து எந்தக் காகிதம் போகிறது என்று சொல்லாமல் எப்படி அனுப்புவது? அதுதான் முறை என்று நினைத்தேன். தெரியாமல் செய்துவிட்டேன். பேரைப் போடாதே என்று நீயும் எழுதவில்லையே.

உங்கள் பொதுச்செயலாளருக்கு நான் ஒரு கடிதம் எழுதட்டுமா? கிழவி அசட்டுத்தனமாகச் செய்தது, பத்ரிக்கு இதில் பங்கில்லை என்று. அறுபத்துமூன்று வயதில் எனக்கு அசடு என்ற பட்டம் ஒன்றும் கனக்காது. சாம்பசிவமும் ஆக்னஸும் தாங்களும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்கிறார்கள்.

சம்மதமா என்று உடனே எழுது.

அக்கா


புது தில்லி
6 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். யாருக்கும் எதுவும் எழுத வேண்டாம். ஆகஸ்ட் 29 வெள்ளிக்கிழமை மாலை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். காபி கொடுத்தார்கள். என் பங்களிப்பை மதிக்கிறார்களாம், ஆனால் தொடரவில்லையாம். ஆதரிக்கிறோம், கூடவே அவகாசம் கேட்கிறோம் என்ற அதே நடை. கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த வாக்கியம் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு வேடிக்கை. மூன்றாம் தேதி அமைச்சகம் முடிவைச் சொல்லிவிட்டது. மணிக்கணக்கு விதி மூன்று வருஷம் தள்ளிவைப்பு. அறுபது கடிதமும் ஒன்றாகச் சுருங்கிய பிறகும் ஏன் தள்ளிவைத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பெரிய கம்பெனிகளின் தலைவர்கள் தனியாகப் போய்ப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். தள்ளிவைக்கக் கூடாது என்று ஆட்சேபித்த விஞ்ஞானிகளில் சிலரும் மூன்று வருஷம் தேவைதான் என்றார்களாம். எது வேலை செய்தது என்று யாருக்கும் புரியவில்லை. கூட்டமைப்பு முடிவை வரவேற்று அறிக்கை விட்டிருக்கிறது. அந்த அறிக்கையை ஜூலையிலேயே எழுதிவைத்தவன் நான். விதி எந்தப் பக்கம் போனாலும் பொருந்துகிற மாதிரி எழுதச் சொல்லியிருந்தார்கள்.

பத்மஜா வீட்டுச் செலவைக் கணக்குப் போடுகிறாள். ஆதர்ஷ் டியூஷன் எடுக்கிறேன் என்கிறான். நான், சொன்னால் நம்ப மாட்டாய், நன்றாகத் தூங்குகிறேன். நீ சாப்பிடு.

உன் தம்பி,
பத்ரி


போலாரம்
15 செப்டம்பர் 2025

பத்ரி,

நாங்கள் நலம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று கமலம் வந்திருந்தாள். உனக்கு வேலை போனது தெரிந்து துக்கம் விசாரிக்க, மருமகள் ஷர்மிளாவையும் அழைத்துக்கொண்டு. ஷர்மிளா மல்லாபூரில் பெண்கள் சுய உதவிக் குழுவில் இருக்கிறாள். ஜூன் மாதம் அவர்கள் குழுவுக்கும் யாரோ ஒருவர் வந்து இதே மாதிரிக் கடிதத்தைத் தெலுங்கில் கொடுத்திருக்கிறார். "படிச்சுப் பாத்தோம் ஆன்ட்டி, அர்த்தம் காலேது, ஒண்ணும் புரியல. நக்கோ, வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டோம்" என்றாள். குறிப்புத் தாள் மட்டும் அவள் பையில் இருந்தது. பின்பக்கம் காலியாக இருந்ததால் சாமான் லிஸ்ட் எழுதியிருக்கிறாள்.

நாற்பது வருஷம் இங்கே இருந்துவிட்டு எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாதா? படித்தேன். ஒன்று, உங்கள் லெட்டர்ஹெட்டில் அடிக்கவும். இரண்டு, முதல் பத்தியை உங்கள் சொந்த வார்த்தைகளில் மாற்றவும். மூன்று, மற்ற பத்திகளை மாற்ற வேண்டாம். நாலு, ஜூலை 31க்குள் அனுப்பவும். ஐந்து, இந்த மாதிரி கூட்டமைப்பிடமிருந்து வந்தது என்று எங்கேயும் குறிப்பிட வேண்டாம்.

எனக்கு நீ அனுப்பிய தாளை எடுத்துப் பார்த்தேன். நாலோடு நிற்கிறது.

ஐந்தாவது எங்கே, பத்ரி? அந்த ஒரு வரி இருந்திருந்தால் நான் பார்வை போட்டிருப்பேனா? அல்லது கூட்டத்தில் படித்துக் காட்டி, ஒளித்து எழுதச் சொல்கிற காகிதம் நமக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருப்பேன். இரண்டில் எது நடந்திருந்தாலும் உன் பெயர் அந்த மேஜைமேல் வந்திருக்காது. நான் எப்படிக் கடிதம் எழுதுவேன் என்று உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் உன் லீவ் லெட்டருக்கே டாக்டர் சீட்டை இணைப்பு என்று போட்டு அனுப்பியவள் நான்.

நீயே சொல், இது மறதியா, திட்டமா? என்னால் இதை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் செய்ய முடியவில்லை.

கல்பகம்


புது தில்லி
28 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். உன் கடிதம் வந்து ஒரு வாரமாகச் சட்டைப் பையில் இருக்கிறது. நான்கு தடவை பதில் எழுதிக் கிழித்தேன்.

குறிப்புத் தாளை எழுதியவன் நான்தான். அறுபது அமைப்புகளுக்கும் ஒரே தாள். உனக்கு அனுப்பும் பிரதியைத் தமிழில் அடித்துக்கொண்டு வந்தபோது ஐந்தாவது வரியையும் அடித்தேன். அப்புறம் அழித்தேன். அக்காவிடம் போய் மறைத்து எழுது என்று எப்படிச் சொல்வது, அசிங்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. அது உண்மை.

ஆனால் அது மட்டும்தானா என்று நீ கேட்பாய். ராத்திரி ஆலை எதில் ஓடும் என்ற உன் கேள்வியை நான் சேர்ந்த முதல் வாரமே பொதுச்செயலாளரிடம் கேட்டேன். "அது நம் வேலை இல்லை" என்றார். இருபத்தெட்டு வருஷம் இன்ஜினீயராக இருந்தவன் வாயை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். ஆதர்ஷின் படிப்பு இருந்தது. என் வாயால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அந்த வரியை அழித்தபோது, இவள் பார்வை போடுவாள் என்று எனக்குள் எங்கேயோ தெரிந்திருந்ததா? போடட்டும் என்று இருந்தேனா? ஒரு நாள் ஆமாம் என்று தோன்றுகிறது. மறுநாள், பைத்தியமா, வேலையை எவனாவது வேண்டுமென்றே விடுவானா என்று தோன்றுகிறது. அமைச்சகத்தில் எழுந்து நின்றபோது வெட்கமாக இருந்தது. வெளியே வந்து ஒரு டீ குடித்தேன், ருசியாக இருந்தது. இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியவில்லை, அக்கா.

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது.

உன் தம்பி,
பத்ரி


போலாரம்
7 அக்டோபர் 2025

அன்புள்ள பத்ரிக்கு,

ஆசீர்வாதம். இருவரும் சௌக்கியம்.

திட்டத்தான் போகிறேன். உன் வேலையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பதினொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். கமலம் இரண்டு பஸ் மாறி வந்து போட்டாள். நீ சொல்ல வேண்டியதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை என்று, எங்கள் கையில் பேனாவைக் கொடுத்து எங்களையே எழுத வைத்திருக்கிறாய். அக்கா, எனக்கு இந்த வேலை பிடிக்கவில்லை, பயமாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தால், அந்த விதி அப்படியே இருக்கட்டும் என்று என் பெயரில் நாலு பக்கம் எழுதியிருப்பேன். உன்னை நினைத்தால் கோபம் வருகிறது. உடனே அழுகையும் வருகிறது.

இதுவரை எழுதிவிட்டு மூன்று நாள் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். நீ உன் பங்கைச் சொல்லிவிட்டாய். என் பங்கைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை ஒட்ட முடியவில்லை.

ஒருவர் பெயர் சொல்லி, நலம் விசாரித்து எழுதுகிற கடிதத்தைப் பார்வையில் ஏற்றக்கூடாது. இணைப்பாக வைக்கவே கூடாது. இது நேற்று சேர்ந்த டைப்பிஸ்டுக்குத் தெரியும். அப்படி வைத்ததற்காக நானே எத்தனை பெண்களை நிற்க வைத்துக் கேட்டிருக்கிறேன். அன்று சாம்பசிவம்கூட, "தம்பியோட சொந்த லெட்டர் எதுக்கு அம்மா?" என்று கேட்டார். இருக்கட்டும் சார் என்றேன். ஆகஸ்டில், தெரியாமல் செய்தேன் என்று உனக்கு எழுதினேனே, அது பொய்.

என் கேள்விக்கு நீ பதில் சொல்லாமல் கையெழுத்து மட்டும் கேட்டது எனக்கு எரிச்சலாக இருந்தது. எங்கள் வாயிலிருந்து வருவது யாருடைய பேச்சு என்று படிக்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்று எழுதும்போதே, நினைக்காமலா இருந்தேன் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐம்பத்துநாலு வயதில் வேலை தேடத் தெம்பில்லை என்று நீ எழுதியிருந்த பத்தியின்மேலும் நான்தான் வெள்ளைத்தாளை வைத்தேன். வைப்பதற்கு முன்னால் அதை இன்னொரு தடவை படித்தேன். படித்துவிட்டுத்தான் ஜெராக்ஸ்காரனிடம் கொடுத்தேன்.

அந்த வேலையை நீயே விட்டாயா, நான் பிடுங்கினேனா என்று நம் இரண்டு பேருக்கும் தெரியப்போவதில்லை. பத்மஜாவிடம் உன்னால் சொல்ல முடிந்ததா? அத்திம்பேரிடம் என்னால் இன்னும் முடியவில்லை. இருபதாம் தேதி தீபாவளி. மூன்று பேரும் வந்துவிடுங்கள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு நாம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லிவிடலாம். எனக்குத் தனியாகச் சொல்லப் பயமாக இருக்கிறது.

உன் அக்கா,
கல்பகம்